ஜாபிதாவில் இல்லாத சரக்கு

மாதம் பிறந்ததும் மளிகை ஜாபிதா எழுதுவது குடும்பங்களின் பழைய வழக்கம். துவரம் பருப்பு இத்தனை, புளி இத்தனை, மிளகாய் இத்தனை என்று அது நீண்டுகொண்டே போகும். ஆனால், ரசப்பொடியை வீட்டிலேயே இடித்து, பாலை வீட்டிலேயே உறை குத்தும் ஒரு குடும்பத்தின் ஜாபிதாவை எவ்வளவு துருவிப் பார்த்தாலும் அதில் ரசப்பொடியும் இராது, தயிரும் இராது. அதைக் கண்டு, "இந்த வீட்டாருக்கு ரசமும் மோரும் தேவையில்லை போலிருக்கிறது" என்று யாராவது முடிவு கட்டினால் அவரைப் பற்றி நாம் என்ன நினைப்போம்? கடையில் வாங்க வேண்டியவைதாம் ஜாபிதாவில் ஏறுகின்றன. வீட்டிலேயே செய்துகொள்ளும் பண்டங்களுக்கு அதில் இடம் கிடையாது. ரசமில்லாமல் ஒரு வேளை சாப்பாடு இறங்குமா என்பது வேறு கேள்வி.

வைத்திய சாஸ்திரத்திலும் இத்தகைய ஜாபிதா ஒன்று இருக்கிறது. நம் தேகத்திலுள்ள புரதங்கள் யாவும் அமினோ அமிலங்கள் என்னும் 20 வகைச் செங்கற்களால் கட்டப்பட்டவை. இவற்றில் 9 வகைகளை நம் உடலால் செய்துகொள்ள இயலாது. உணவிலிருந்தே அவை வர வேண்டும். அவற்றுக்கு "அத்தியாவசிய அமினோ அமிலங்கள்" என்று பெயர். மற்றவற்றை உடல் தானே தயார் செய்துகொள்கிறது. அந்தக் காரணத்தால் அவற்றுக்கு "அத்தியாவசியமல்லாதவை" என்ற பெயர் வந்து சேர்ந்தது. பெயரைக் கேட்டவர்கள், இவை இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

இந்தப் பிரிவினை எப்படி ஏற்பட்டது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். அமெரிக்காவில் இல்லினாய் சர்வகலாசாலையில் வில்லியம் ரோஸ் என்ற பேராசிரியர் இருந்தார். முதலில் எலிகளை வைத்துச் சோதனை செய்து, 1935-ல் திரியோனின் என்ற அமினோ அமிலத்தைக் கண்டுபிடித்தார். பிறகு 1942 முதல் தம்முடைய மாணவர்களையே சோதனைக்கு உட்படுத்தினார். சோள மாவு, சர்க்கரை, புரதம் நீக்கிய வெண்ணெய், இவற்றுடன் அளந்து நிறுத்த அமினோ அமிலங்கள். இவையே அந்த இளைஞர்களின் ஆகாரம். ஒவ்வோர் அமிலமாக நீக்கி, உடலில் நைட்ரஜன் வரவும் செலவும் சரிக்கட்டுகின்றனவா என்று ரோஸ் கணக்குப் பார்த்தார். கணக்கு இடிக்காமலிருந்தால் அந்த அமிலம் உணவில் இல்லாமல் சமாளிக்கக்கூடியது என்று குறித்துக்கொண்டார். அவர் கேட்ட கேள்வி அவ்வளவுதான். அந்த அமிலம் இல்லாமல் மனிதன் உயிர் வாழ்வானா என்று அவர் கேட்கவில்லை. கடையில் வாங்காமல் சமாளிக்கலாமா என்று மட்டுமே கேட்டார்.

இன்று நாம் நேயர்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புவது, அந்த ஜாபிதாவில் இடம் பெறாத ஒரு சரக்கை. அதன் பெயர் அஸ்பராஜின். நம் தேசத்துக் குழந்தைகள் பலருடைய உயிர் இதனோடு சம்பந்தப்பட்டிருக்கிறது என்பதால் இதற்கு இத்தனை பக்கம் ஒதுக்குவது தகும் என்று நினைக்கிறோம்.

* * *

அமினோ அமிலங்களிலே முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது இதுதான். 1806-ல் பாரிஸ் நகரத்தில் வோக்லன், ரோபிகே என்ற இரண்டு ரஸாயன நிபுணர்கள், அஸ்பராகஸ் என்னும் கீரைத்தண்டின் சாற்றை வற்ற வைத்தபோது அதில் படிகங்கள் தோன்றின. செடியின் பெயரையே பொருளுக்கும் சூட்டினார்கள். அந்தச் சீமைச் செடி நமக்கு அந்நியமானது என்று எண்ண வேண்டாம். நம் ஊர் வேலியோரங்களில் முள்ளும் நுண்ணிய இலையுமாகப் படர்ந்து, கொத்துக் கொத்தாகக் கிழங்கு விடும் தண்ணீர்விட்டான் கொடி அதற்குச் சகோதர முறை ஆக வேண்டும். இரண்டும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை.

தாவரங்களுக்கு அஸ்பராஜின் ஒரு சேமிப்புப் பெட்டி. நைட்ரஜனை ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குக் கொண்டு செல்லும் வண்டியுங்கூட. விதை முளைக்கும்போது அதிலுள்ள புரதம் கரைந்து, அதன் நைட்ரஜன் பெரும்பாலும் அஸ்பராஜினாக மாறி முளைக்குப் போய்ச் சேருகிறது. ஈரத் துணியில் மூட்டை கட்டி வைத்த பயறு மறுநாள் வெள்ளை மூக்கை நீட்டும்போது, நம் வீட்டுச் சமையலறையில் இந்தப் போக்குவரத்துத்தான் நடந்துகொண்டிருக்கிறது.

கண்டெடுத்த பின்பும் நூறு வருஷங்களுக்கு மேல் ஒரு சந்தேகம் தீரவில்லை. அஸ்பராஜின் செடியின் சாற்றில் தனியே மிதக்கும் பொருள் மட்டுந்தானா, அல்லது புரதத்தின் கட்டடத்திலும் அதற்கு இடம் உண்டா? புரதத்தைக் காரமான அமிலத்தில் காய்ச்சி உடைப்பதே அந்நாளைய முறை. அப்படிக் காய்ச்சும்போது அஸ்பராஜின் சிதைந்து அஸ்பார்டிக் அமிலமாகிவிடும், சாட்சி அழிந்துவிடும். 1932-ல் மா. தாமோதரன் என்ற இந்தியர், காய்ச்சும் முறையை விட்டு, ஜீரண நொதிகளைக்கொண்டு சணல் விதையிலுள்ள எடெஸ்டின் என்ற புரதத்தை மெதுவாகக் கரைத்தார். அதிலிருந்து அஸ்பராஜினை முழு உருவில் பிரித்தெடுத்துக் காட்டி, வழக்கைத் தீர்த்து வைத்தார். பின்னர் சேப்பாக்கத்தில் சென்னைச் சர்வகலாசாலையின் உயிர் ரஸாயன ஆராய்ச்சிக் கூடத்தை நடத்தியவர் இவரே. அங்கேயும் முளைக்கும் விதைகளைப் பற்றி ஆராய்ச்சி நடந்தது. உலகத்துப் பாட புத்தகங்களில் இடம் பெற வேண்டிய இந்தப் பெயர், நம் பிள்ளைகளின் பாட புத்தகங்களிலாவது இடம் பெற வேண்டாமா?

* * *

நம் தேகத்தில் அஸ்பராஜினுக்கு என்ன உத்தியோகம்? புரதக் கட்டடத்தில் அது ஒரு செங்கல். அதோடு, உயிரணுக்களின் மேற்பரப்பிலும் இரத்தத்திலும் உள்ள அநேகப் புரதங்களுக்குச் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டியிருக்கின்றன. அவற்றில் ஒரு பெரும் பகுதி வந்து கோத்துக்கொள்வது அஸ்பராஜின் என்னும் கொக்கியில்தான். அந்தச் சங்கிலிகள் இல்லாவிட்டால் பல புரதங்கள் சரியாக மடிவதில்லை. சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேருவதுமில்லை.

இத்தகைய பொருளை உடல் வெளியிலிருந்து எதிர்பார்த்துக் காத்திருப்பதில்லை. அஸ்பார்டிக் அமிலத்தை எடுத்து, குளூட்டமின் என்ற மற்றொரு அமினோ அமிலத்திடமிருந்து நைட்ரஜனை வாங்கிச் சேர்த்து, தானே செய்துகொள்கிறது. இந்த வேலையைச் செய்யும் நொதிக்கு அஸ்பராஜின் சிந்தடேஸ் என்று பெயர். சமையற்காரர் என்று வைத்துக்கொள்வோம்.

அந்தச் சமையற்காரர் பிறவியிலேயே முடவராக இருந்தால்? 2013-ல் விஞ்ஞானிகள் அப்படிப்பட்ட ஒரு பரம்பரை நோயைக் கண்டறிந்தார்கள். அந்த நொதிக்குரிய மரபணு பழுதுபட்ட குழந்தைகள், சிறுத்த தலையுடனும் ஓயாத வலிப்புடனும் வளர்ச்சி குன்றித் துன்புறுகிறார்கள். உணவில் அஸ்பராஜின் இருக்கத்தானே செய்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் இரத்தத்திலிருந்து அது மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தன் அடுப்பிலேயே சமைத்துக்கொள்ள வேண்டும். நல்ல வேளையாக இந்நோய் மிக மிக அரிது. ஆயினும், "அத்தியாவசியமல்லாதது" என்ற பட்டத்தின் பொய்யை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்ட முடியாது.

* * *

இனி நாம் சொல்லப் போவது இதற்கு நேர் எதிரான கதை. அங்கே சமையற்காரர் இல்லாமையால் குழந்தை துன்புற்றது. இங்கே சமையற்காரர் இல்லாமையே குழந்தையைக் காப்பாற்றுகிறது.

லுகீமியா என்னும் இரத்தப் புற்றுநோயைப் பற்றி நேயர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். அதில் ஒரு வகை, லிம்ஃபோசைட் என்ற வெள்ளை அணுக்களின் இளம் பருவத்திலேயே தோன்றி, கட்டுக்கடங்காமல் பெருகுவது. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இதுவே மிகுதி. 2 வயது முதல் 5 வயது வரையில் அதிகமாகத் தாக்குகிறது. நேற்று வரையில் ஓடி விளையாடிய குழந்தை வெளுத்துப்போகிறது. ஜுரம் விட்டு விட்டு வருகிறது. அடிபடாமலே தோலில் கருநீலத் தழும்புகள் காணுகின்றன. பல் ஈறில் இரத்தம் கசிகிறது. கால் எலும்பு வலிக்கிறது என்று இரவில் அழுகிறது. 1940-களின் நடுப்பகுதி வரையில் இந்நோய்க்கு மருந்தே கிடையாது. சில வாரங்களிலோ சில மாதங்களிலோ முடிவு வந்துவிடும். பெற்றோர்களுக்கு டாக்டர்கள் சொல்லக்கூடிய ஆறுதல் மொழி ஒன்றும் இருக்கவில்லை.

1948-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர், அமினாப்டெரின் என்ற மருந்தை 16 குழந்தைகளுக்குக் கொடுத்து, அவர்களில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததாக வெளியிட்டார். உலகம் வியந்தது. அந்த மருந்தை உருவாக்கிய ஆராய்ச்சிக் கூடத்துக்குத் தலைமை வகித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அந்நாளைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தவர். சென்னை வைத்தியக் கலாசாலையில் படித்தவர். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அங்கி அணிந்து வகுப்புக்குப் போனதால் மேலிடத்தின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டத்துக்குப் பதிலாக அதற்குக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டத்தைப் பெற்றுக்கொண்டு வெளியேறியவர். அந்தக் கதர் அங்கிக்காரரின் கைச்சரக்கு அமெரிக்கக் குழந்தைகளுக்கு முதல் நம்பிக்கையை அளித்தது. அதே 1948-ல் அவர் காலமானார்.

ஆனால் அமினாப்டெரின் தந்த நிவாரணம் சில மாதங்களே நின்றது. நோய் திரும்பிவிட்டது. இன்னும் பல ஆயுதங்கள் வேண்டியிருந்தன. அவற்றில் ஒன்று, யாரும் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது.

1953-ல் நியூயார்க்கில் ஜான் கிட் என்ற ஆராய்ச்சியாளர், ஒரு வகை லிம்ஃபோமாக் கட்டிகள் வளர்ந்திருந்த சுண்டெலிகளுக்குக் கினிப்பன்றியின் சீரத்தை, அதாவது இரத்தம் உறைந்த பிறகு மேலே தெளிந்து நிற்கும் நீரை, ஊசி மூலம் செலுத்தினார். கட்டிகள் கரைந்து போயின. குதிரையின் சீரத்துக்கும் முயலின் சீரத்துக்கும் அந்தச் சக்தி இல்லை. கினிப்பன்றியிடம் மாத்திரம் அப்படி என்ன இரகசியம்? 8 வருஷங்கள் எவருக்கும் விடை தெரியவில்லை.

விடை ஒரு பழைய ஏட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. 1922-லேயே கிளெமெண்டி என்ற இத்தாலியர், கினிப்பன்றியின் இரத்தத்தில் அஸ்பராஜினைச் சிதைக்கும் அஸ்பராஜினேஸ் என்ற நொதி ஏராளமாக இருக்கிறதென்று எழுதி வைத்திருந்தார். எதற்கும் உதவாத செய்தி என்று எல்லாரும் அதை மறந்துவிட்டார்கள். 1956-ல் வேறிருவர், சில புற்று அணுக்களைக் கண்ணாடிக் குப்பியில் வளர்க்க அஸ்பராஜின் அவசியமாயிருக்கிறதென்று கண்டார்கள். இந்த மூன்று நூல்களையும் 1961-ல் ஒன்றாக முறுக்கிக் கயிறாக்கியவர் ஜான் புரூம். கினிப்பன்றிச் சீரத்தில் வேலை செய்வது அந்த நொதியே என்று அவர் ருசுப்படுத்தினார்.

இதன் தத்துவத்தை ஓர் உவமையால் விளக்குவோம். ஓர் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பு உண்டு. ஊர் நடுவே ஒரு சத்திரமும் உண்டு. அங்கே அன்னம் எப்போதும் தயார். வீட்டுக்காரர்கள் வீட்டில் சமைக்கிறார்கள். வேண்டியபோது சத்திரத்திலும் சாப்பிடுகிறார்கள். அந்த ஊருக்குள் ஒரு கொள்ளைக் கூட்டம் புகுந்தது. கூட்டத்தாருக்குச் சமைக்கத் தெரியாது. சத்திரத்து அன்னமே அவர்களுக்குக் கதி. ஊரார் கூடி யோசித்துச் சத்திரத்தைப் பூட்டிவிட்டால் என்ன ஆகும்? வீட்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் சிரமம். கொள்ளைக்காரர்களுக்குப் பட்டினிச் சாவு.

சத்திரம் என்பது இரத்தத்தில் ஓடும் அஸ்பராஜின். வீட்டுக்காரர்கள் நம் ஆரோக்கியமான உயிரணுக்கள். கொள்ளைக்காரர்கள் லுகீமியா அணுக்கள். அவற்றில் அஸ்பராஜின் சிந்தடேஸ் என்ற சமையற்காரர் பெரும்பாலும் வேலை செய்வதில்லை. அஸ்பராஜினேஸ் மருந்து இரத்தத்திலுள்ள அஸ்பராஜினை அஸ்பார்டிக் அமிலமாகவும் அம்மோனியாவாகவும் உடைத்துத் தீர்த்துவிடுகிறது. சத்திரம் பூட்டப்படுகிறது. ஆரோக்கிய அணுக்களுக்கு அது "அத்தியாவசியமல்லாதது" என்பதால்தான் அவை பிழைக்கின்றன. புற்று அணுக்களுக்கு அது அத்தியாவசியம் என்பதால்தான் அவை மடிகின்றன. ரோஸின் ஜாபிதா இங்கே உயிர்காக்கும் உபாயமாக மாறிவிட்டது.

கினிப்பன்றிகளின் இரத்தத்தைக்கொண்டு எத்தனை குழந்தைகளுக்கு வைத்தியம் செய்ய முடியும்? அந்தக் கவலையையும் 1964-ல் மாஷ்பர்ன், ரிஸ்டன் என்ற இருவர் தீர்த்து வைத்தார்கள். நம் குடலில் வசிக்கும் ஈ. கோலி என்ற சாதாரணக் கிருமியிலிருந்து எடுத்த அஸ்பராஜினேஸும் கட்டியைக் கரைக்கிறதென்று அவர்கள் காட்டினார்கள். கிருமியைத் தொட்டிகளில் எவ்வளவு வேண்டுமானாலும் வளர்க்கலாம். 1966-ல் லுகீமியா கண்ட ஒரு குழந்தைக்கு இந்த வைத்தியம் செய்யப்பட்ட செய்தி வெளிவந்தது. 1978-ல் அமெரிக்க அரசாங்கம் மருந்துக்கு அனுமதி அளித்தது.

ஆபத்தே இல்லாத மருந்து என்று சொல்ல மாட்டோம். சத்திரம் மூடியதால் வீட்டுக்காரர்களுக்கும் சிரமம் உண்டென்று சொன்னோம் அல்லவா? புரதங்களை மிகுதியாக உற்பத்தி செய்யும் கல்லீரல் தளர்கிறது. இரத்தம் உறையும் ஒழுங்கு கெடுகிறது. கணையம் வீங்கிக் கடும் வயிற்றுவலி வரலாம். கிருமியின் புரதமாதலால் சிலருக்கு ஒவ்வாமையும் உண்டாகிறது. அப்படிப்பட்டவர்களுக்கு எர்வினியா என்ற மற்றொரு கிருமியிலிருந்து எடுத்த மருந்து இருக்கிறது. கொள்ளைக்காரர்களில் சிலர் கடைசியில் சமைக்கக் கற்றுக்கொள்வதும் உண்டு. ஆகையால் இந்த மருந்தை மட்டும் நம்பியிராமல், வேறு பல மருந்துகளுடன் சேர்த்தே கொடுக்கிறார்கள். இவ்வாறு கூட்டு வைத்தியம் செய்வதன் பயனாகச் செல்வ நாடுகளில் இந்நோய் கண்ட குழந்தைகள் 10 பேரில் சுமார் 9 பேர் பிழைக்கிறார்கள்.

* * *

நம் நாட்டின் நிலை என்ன? 1970-களின் முடிவில், பம்பாய், டில்லி, சென்னை ஆகிய நகரங்களின் பெரிய ஆஸ்பத்திரிகளிற்கூட, இந்நோய் கண்ட குழந்தைகளில் 100-க்கு 20 பேர் பிழைப்பது அரிதாயிருந்தது. பம்பாய் டாட்டா ஞாபகார்த்த ஆஸ்பத்திரி, டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிலையம், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் மூன்றும், அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிலையத்தாருடன் கலந்து, நம் தேசத்துச் சூழ்நிலைக்கேற்ற ஒரே வைத்திய முறையை வகுத்தன. 1984-ல் தொடங்கிய அந்த முறையில் அஸ்பராஜினேஸும் ஒரு முக்கிய அங்கம். பலன் என்ன? பிழைப்பவர்களின் தொகை 100-க்குச் சுமார் 50 என்ற அளவுக்கு உயர்ந்தது. தம் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் விடாமுயற்சியால் 1954-ல் அடையாற்றில் தோன்றிய நிலையம், இப்படிப் பல தாய்மார்களின் கண்ணீரைத் துடைத்தது.

ஆயினும் இத்துடன் மனநிறைவு கொள்வதற்கில்லை. மருந்து நம் நாட்டிலேயே பல பெயர்களில் விற்கப்படுகிறது. அந்நிய மருந்தைவிட விலையும் குறைவு. இதில் நாம் பெருமை கொள்ளலாம். ஆனால் அப்படி இந்தியாவில் விற்பனையாகும் அஸ்பராஜினேஸ் தயாரிப்புகளைச் சோதித்த ஆராய்ச்சியாளர்கள், அவற்றின் தரம் திருப்திகரமாக இல்லை என்று 2021-ல் வெளியிட்டார்கள். இந்த மருந்தில் வீரியக் குறைவு என்பது சத்திரத்தின் கதவைப் பாதி திறந்து வைப்பதற்குச் சமானம். குழந்தைக்கு ஊசியின் வேதனையும் உண்டு. தகப்பனாருக்குப் பணச் செலவும் உண்டு. கொள்ளைக்காரர்களுக்கு மட்டும் சாப்பாடு குறைவில்லாமல் நடக்கும்.

இதிலுள்ள பெரிய சங்கடம், குறை கண்ணுக்குத் தெரியாமலிருப்பது. ஜுர மருந்து போலியாயிருந்தால் ஜுரம் இறங்காது, நாமே அறிந்துகொள்வோம். அஸ்பராஜினேஸ் வீரியமற்றதாயிருந்தாலோ, ஒவ்வாமை வெளியே தெரியாமல் உடலே அதை முறித்துவிட்டாலோ, அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில வருஷங்கள் கழித்து நோய் திரும்பி வரும்போதுதான் தெரியும். இதற்குப் பரிகாரம் இல்லாமல் இல்லை. மருந்து கொடுத்த பின் குழந்தையின் இரத்தத்தில் நொதியின் சக்தி போதிய அளவு இருக்கிறதா என்று அளந்து பார்க்க முடியும். அந்தச் சோதனை ஒவ்வொரு பெரிய ஆஸ்பத்திரியிலும் சர்வசாதாரணமாக நடைபெற வேண்டும். மருந்து தயாரிக்கும் இடத்திலும் விற்கும் இடத்திலும் அரசாங்கத்தார் சோதிக்க வேண்டும். முடிவுகளைப் பகிரங்கமாக வெளியிடவும் வேண்டும்.

சுதேசிப் பொருளை வாங்குங்கள் என்று நம் பெரியோர்கள் சொன்னபோது, முரடாயிருந்தாலும் கதரைக் கட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். வேஷ்டி முரடாயிருந்தால் உடம்புக்குச் சற்று உறுத்தல், அதோடு சரி. மருந்துக்கு அந்தச் சலுகை கிடையாது. சுதேசி மருந்து என்றால் உலகத்து எந்த மருந்துக்கும் குறையாத மருந்து என்று பொருள்பட வேண்டும். சுப்பாராவும் தாமோதரனும் பிறந்த நாட்டில் இதைக் கேட்பது பேராசை ஆகாது.

* * *

இனிக் குடும்பத் தலைவிகளுக்கு இரண்டு வார்த்தை.

முதலாவது, பத்தியத்தைப் பற்றியது. 2018-ல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. மார்பகப் புற்று உண்டாக்கப்பட்ட சுண்டெலிகளுக்கு அஸ்பராஜின் குறைந்த ஆகாரம் கொடுத்தபோது, நோய் மற்ற உறுப்புகளுக்குப் பரவுவது குறைந்தது என்பது அதன் சாரம். அவ்வளவுதான், உலகத்துப் பத்திரிகைகள் பல, இன்ன காய்கறி புற்றுநோயை வளர்க்கும் என்று தலைப்புப் போட்டுவிட்டன. இதைக் கேட்டு எவரும் நோயாளிக்குப் பருப்பையும் பாலையும் முட்டையையும் நிறுத்திவிடக் கூடாது. சுண்டெலிக்குக் கண்டது மனிதருக்கும் பொருந்துமென்று இதனால் ஏற்படவில்லை. மேலும், வீட்டிலேயே இடிக்கும் ரசப்பொடியைக் கடையில் வாங்காமலிருப்பதால் வீட்டில் ரசம் நின்றுவிடுமா? உணவில் குறைத்தாலும் உடல் செய்துகொண்டே இருக்கும். இரத்தத்தில் அஸ்பராஜினை அடியோடு தீர்ப்பது மருந்தால்தான் முடியும், பத்தியத்தால் முடியாது. மருந்தின் உக்கிரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும் நோயாளிக்கு நல்ல போஷாக்கே முதல் தேவை. எதை விலக்க வேண்டும் என்பதை வைத்தியம் பார்க்கும் டாக்டரையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, வாணலியைப் பற்றியது. 2002-ல் ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானிகள், வறுத்த பொரித்த பண்டங்களில் அக்ரிலமைட் என்ற ரஸாயனப் பொருள் இருப்பதைக் கண்டு வெளியிட்டார்கள். இதற்கு மூலம் நம் அஸ்பராஜினேதான். உருளைக்கிழங்கிலும் தானியங்களிலும் உள்ள அஸ்பராஜின், அங்கேயுள்ள ஒரு வகைச் சர்க்கரையோடு 120 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட சூட்டில் சேரும்போது அக்ரிலமைட் உண்டாகிறது. மிகுதியாகக் கொடுத்தால் எலிகளுக்கு இது புற்றுநோயை உண்டாக்குகிறது. சாதாரண உணவில் உள்ள அளவு மனிதருக்கு அப்படிச் செய்கிறது என்பதற்கு உறுதியான சாட்சியம் கிடைக்கவில்லை. ஆகவே தீபாவளிப் பலகாரத்தைத் துறக்க வேண்டுமென்று நாம் சொல்ல வரவில்லை. சில எளிய ஜாக்கிரதைகள் போதும். உருளைக்கிழங்கு வறுவலைப் பொன்னிறத்தில் எடுத்துவிடுங்கள், கருகவிட வேண்டாம். நறுக்கிய துண்டுகளைச் சற்று நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, ஈரம் துடைத்துப் பொரியுங்கள். பொரிப்பதற்கென்று வாங்கிய கிழங்கைக் குளிர்ப்பெட்டியில் வைக்காதீர்கள். அங்கே அதன் மாவு சர்க்கரையாக மாறுகிறது. வேகவைத்த கிழங்கிலும் ஆவியில் வெந்த இட்லியிலும் இந்தத் தொல்லை இல்லை. நம் பாட்டிமார்கள் நோயாளிக்கும் குழந்தைக்கும் ஆவியில் வெந்ததையே கொடுத்து வந்தார்கள் என்பதை இங்கே நினைவூட்டுகிறோம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பிஸ்கோத்து, வறுவல் முதலியவற்றைத் தயாரிக்கும் தொழிற்சாலைகளில் அக்ரிலமைட் குறைவதற்காக, மாவிலேயே ஒரு நொதியைச் சேர்த்து அஸ்பராஜினை முன்கூட்டி உடைத்துவிடும் முறை வந்திருக்கிறது. அந்த நொதி வேறெதுவுமில்லை, அஸ்பராஜினேஸ்தான். ஆஸ்பத்திரியில் குழந்தையின் இரத்தத்தில் செய்யும் வேலையையே இங்கே மாவில் செய்கிறது. அதற்கு ஒரு பூஞ்சையிலிருந்து எடுத்ததைப் பயன்படுத்துகிறார்கள்.

* * *

ஜாபிதாவில் தொடங்கினோம், ஜாபிதாவிலேயே முடிப்போம். உலக சுகாதார ஸ்தாபனத்தார், எந்த நாட்டிலும் இருந்தே தீர வேண்டிய மருந்துகளுக்கு ஒரு ஜாபிதா தயாரித்திருக்கிறார்கள். அதன் பெயர் அத்தியாவசிய மருந்துகள் ஜாபிதா. நம் மத்திய அரசாங்கமும் அப்படி ஒன்று வைத்திருக்கிறது. இரண்டிலும் அஸ்பராஜினேஸ் இருக்கிறது. அத்தியாவசியமல்லாதது என்று ஒதுக்கப்பட்ட ஒரு பொருளை அழிக்கும் மருந்து, அத்தியாவசிய மருந்தாகிவிட்டது!

அந்த மருந்து பலிக்க வேண்டுமானால் குழந்தை காலத்தில் டாக்டரிடம் போய்ச் சேர வேண்டும். காரணமின்றி வெளுத்துவரும் குழந்தை, மாறாத ஜுரம், அடிபடாத இடத்தில் கன்றிப்போன தழும்பு, எலும்பு வலி என்ற அழுகை. இவை பெரும்பாலும் வேறு சிறிய காரணங்களால் வருபவையே. ஆயினும் இவை சேர்ந்து காணும்போது, திருஷ்டி கழித்துவிட்டுக் காத்திராமல், ஓர் இரத்தப் பரிசோதனை செய்து பார்த்துவிடுவது நல்லது. ஒன்றும் இல்லையென்று தெரிந்தால் மன நிம்மதி. இருக்கிறதென்று தெரிந்தாலும், 1940-களின் பெற்றோர்களைப் போல் நாம் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதில்லை. வைத்தியம் இருக்கிறது. மருந்தின் வீரியத்தைச் சோதித்தீர்களா என்று டாக்டரிடம் மரியாதையோடு கேட்க நமக்கு உரிமையும் இருக்கிறது. ஜாபிதா எழுதிக் கொடுத்ததோடு குடும்பத் தலைவியின் வேலை முடிந்துவிடுகிறதா? வந்த சரக்கைக் கையில் எடுத்து, முகர்ந்து, புடைத்துப் பார்த்த பிறகே அவர் உள்ளே கொண்டுபோகிறார். தேசமும் தன் குழந்தைகளின் மருந்து விஷயத்தில் அந்த அளவு கண்டிப்போடு இருக்க வேண்டும் என்பதே நமது கோரிக்கை.